வெர்னர் சாரெலாவுக்குச் செய்யப்பட்ட சேவை

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை முற்பகலில், வட மின்னசோட்டாவின் ஏரிக்கரை ஊர் ஒன்றில், வெர்னர் சாரெலா வீட்டில் இல்லாத நேரத்தில், அவருடைய சம்மதம் பெறாமல், அவருக்குச் சேவை செய்யப்பட்டது. செய்தவர்கள் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர்கள். செய்யும்போது பாடவும் செய்திருக்கிறார்கள். குற்றச்சாட்டு இவ்வளவுதான். இதில் எதையும் கல்லூரி இன்றுவரை மறுக்கவில்லை, சிக்கலே அதுதான்.

கல்லூரி மிச்சிகனில் இருக்கிறது. இலையுதிர் காலம்தோறும் ஒரு குழு மாணவர்களை வடக்கே அனுப்பி, ஒரு செமஸ்டர் முழுவதும் அங்கேயே வைத்திருக்கும். முதலில் காட்டு ஏரிகளில் படகுப் பயணம், அதன்பின் ஊராருக்குச் சேவை, இடையிடையே வேறு பண்பாட்டு மக்களோடு பழகுதல். அந்த வேறு பண்பாட்டு மக்கள் தாங்கள்தான் என்பது ஊராருக்குச் சில ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. “உங்க ஆளுங்க என்ன சாப்பிடுவீங்க?” என்று 2023 குழுவின் மாணவி ஒருத்தி கேட்டபோது, “நீங்க சாப்பிடுறதுதான். ஆனா சூடா” என்றார் வெர்னர். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

வெர்னருக்கு வயது அறுபத்து மூன்று. இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் ஆட்களைக் குறைத்தபோது காரணத்தை எழுத்தில் கேட்டார், தரவில்லை. அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் அவர் எறிவதில்லை, அகரவரிசைக் கோப்பில் சேர்ப்பார். வெல்டிங், டீசல் எஞ்சின், முறைப்படி கடிதம் எழுதுவது எல்லாம் நூலகப் புத்தகங்களைப் பார்த்துத் தானே கற்றவை. மனைவி அவரை விட்டு டூலூத் நகரத்துக்குப் போய்விட்டாள். போகும் முன் குளிர்பதனப் பெட்டியின் மேல் அவள் ஒட்டிய துண்டுச் சீட்டு கோப்பில் இருக்கிறது, ‘ம’ எழுத்தின் கீழ்.

சுரங்கத்துக்குப் பிறகு அவரை வேலைக்கு எடுத்தது இதே கல்லூரிதான். நியமனக் கடிதம் ‘க’வில் இருக்கிறது. கூடாரங்களின் கிழிசலைத் தைப்பார். படகுகளை டிரெய்லரில் ஏற்றி ஏரிக்கு ஏரி கொண்டுபோவார். பயணம் முடியும் கரையில் காபியோடு காத்திருப்பார். சம்பவம் நடந்த சனிக்கிழமையும், அந்த மாணவர்களின் படகுகளை எடுத்து வரத்தான் தொலைவிலுள்ள ஏரிக்குப் போயிருந்தார்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் விறகு பிளந்து அழகாக அடுக்கப்பட்டிருந்தது. கதவில் ஒரு வாழ்த்து அட்டை: ‘தனிமையில் வாடும் எங்கள் சகோதரருக்கு.’ கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி வைத்திருந்த தடித்த பிர்ச் மரத் துண்டுகளைக் காணவில்லை. அவை விறகு அல்ல. செமஸ்டர் முடியும்போது தீமூட்டிச் சுற்றி உட்கார மாணவர்களுக்கென்று, கல்லூரி கேட்டதன் பேரில், அவர் அறுத்து வைத்திருந்த இருக்கைகள். பின்னர் நடந்த அந்தத் தீக்கூடுகையில் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். நிற்பது ஆவிக்கு நல்லது என்று சொல்லப்பட்டது.

விசாரித்ததில் நடந்தது தெரிந்தது. திட்டத்துக்குப் புதிதாக வந்த உதவியாளர், தனியாக வாழ்பவர்களின் பெயர்களை லூத்தரன் தேவாலயப் போதகரிடம் கேட்டிருக்கிறார். போதகர் கேட்டதைக் கொடுத்திருக்கிறார். திட்டத்தின் இயக்குநர் க்ரெய்க் ஹூக்ஸ்ட்ராவைப் பார்க்க வெர்னர் போனார். க்ரெய்க் அவரைவிட இருபது வயது இளையவர். எதைச் சொன்னாலும் நன்றி சொல்பவர்.

“க்ரெய்க், நான் உங்ககிட்ட வேலை பாக்குற ஆளு. உதவி வாங்குறவங்க பட்டியல்ல என் பேரு எப்படி வந்துச்சு?”

“முதல்ல, மனசு திறந்து சொன்னதுக்கு நன்றி வெர்னர்.”

“மனசெல்லாம் திறக்கல. கேள்வி கேட்டேன்.”

“வாங்கிக்கிறதும் ஒரு வரம்தான். இயேசு கால் கழுவ வந்தப்ப பேதுருகூட முதல்ல வேணாம்னுதானே சொன்னாரு?”

“பேதுருவோட விறகை யாரும் பொளக்கல.”

க்ரெய்க் கண்களை மூடிக்கொண்டார். அவர் ஜெபிக்கிறார் என்று புரிய வெர்னருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் தொப்பியைக் கழற்ற வேண்டியதாயிற்று. தொப்பியைக் கழற்றிய பிறகு ஒருவரோடு சண்டையைத் தொடர முடிவதில்லை.

மறுநாள் மாணவர்களிடமிருந்து அவர்கள் சுட்ட ஆப்பிள் பலகாரமும், ‘உங்கள்மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை’ என்ற அட்டையும் வந்தன. அட்டை கோப்பில் சேர்ந்தது. பலகாரத்தைக் கோப்பில் சேர்க்க இயலாததால் அது உண்ணப்பட்டது.

இதற்குள் விஷயம் அவருடைய அக்கா ஐலியின் காபிக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

“செமஸ்டர் முடியுற ஞாயித்துக்கிழமை மத்தியானம் சர்ச்ல படம் போட்டுக் காட்டப்போறாங்களாம்டா. அதுல நீயும் இருக்கே.”

“எந்தப் படம்?”

“டிரெய்லர் பக்கத்துல குனிஞ்சு நிக்கிறியே, அது. கீழே ‘தனிமை’ன்னு எழுதியிருக்கு.”

“கொக்கி சரியா மாட்டியிருக்கான்னு பாத்துட்டிருந்தேன்.”

“தனியாத்தானே பாத்தே?”

“அதைப் பாக்க எத்தனை பேரு வேணும்?”

“கோவிச்சுக்காதே. நாலு பேரு இருந்திருந்தா படம் நல்லா வந்திருக்கும்.”

வேலை போன குளிர்காலத்தில்கூட வெர்னர் தேவாலயம் ஏழைகளுக்குத் தரும் உணவுப் பெட்டியை வாங்கியதில்லை. உழைத்து வாழ்பவன் என்ற பெயர் ஒன்றுதான் அந்த ஊரில் அவருக்கு மிஞ்சியிருந்தது. ஞாயிறன்று அவர் அதை இழப்பதை முழு ஊரும் உட்கார்ந்து பார்க்கப்போகிறது. தன் பெயரை உதவி பெற்றோர் பட்டியலிலிருந்து பணியாளர் பட்டியலுக்கு மாற்றும்படி இரண்டு கடிதங்கள் எழுதினார். இரண்டுக்கும் பதிலாக க்ரெய்க் நேரில் வந்து கட்டியணைத்தார்.

செமஸ்டர் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. சேவை பெற்றவர்களை முன்வரிசையில் அமர்த்தி, மாணவர்கள் அவர்களுடைய கால்களைக் கழுவுவார்கள். வெர்னர் யோசித்துப் பார்த்தார். கழுவுபவர் திட்டத்தைச் சேர்ந்தவர். கழுவப்படுபவர் உதவி பெற்றவர். இது கல்லூரியே வகுத்த முறை. ஆகவே யார் கழுவுகிறார் என்பது மாறினால் பட்டியலும் மாறியாக வேண்டும்.

ஞாயிறன்று பூட்ஸின் கயிறுகளை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு போனார். முன்வரிசை நாற்காலி ஒன்றில் அவர் பெயர் ஒட்டியிருந்தது. அனலீஸ் என்ற மாணவி, முன்பு உணவைப் பற்றிக் கேட்டவள், வெந்நீர்க் கிண்ணத்தோடு வந்து முழங்காலிட்டாள்.

“மிஸ்டர் சாரெலா, பூட்ஸைக் கழட்டட்டுமா?”

“வேணாம்மா. இது என் நாற்காலி இல்ல.”

“உங்க பேரு போட்டிருக்கே!”

“அதைத்தான் நானும் சொல்றேன். எந்திரி, நீ உக்காரு.”

அவள் திரும்பி க்ரெய்க்கைப் பார்த்தாள். க்ரெய்க் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார். வேறு வழி தெரியாமல் அவள் உட்கார்ந்தாள். வெர்னர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவள் கால்களைக் கழுவினார். இடது குதிகாலில் ஒரு தழும்பு இருந்தது. படகைத் தலைமேல் சுமந்து நடந்தபோது வந்த கொப்புளம். கரையில் அதற்கு மருந்து போட்டவர் அவர்தான்.

“ஆறிடுச்சா?”

“ஆறிடுச்சு,” என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். இது அவருடைய கணக்கில் இல்லாததால் அவர் அவளை விட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். மாணவர்கள் அனைவருக்கும் கழுவி முடித்து, கடைசியில் க்ரெய்க்கின் கால்களையும் கழுவி, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“வீட்டுல ஒரு தட்டைக்கூடக் கழுவ மாட்டான்,” என்று ஐலி சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது.

அன்று வெர்னர் நிம்மதியாக வீடு திரும்பினார். விவகாரம் முடிந்துவிட்டது என்று கருதினார்.

வசந்தத்தில் கல்லூரியின் புதிய விளம்பர ஏடு தபாலில் வந்தது. அட்டையிலேயே அவர் படம்: கையில் துண்டு, முன்னால் கிண்ணம். கீழே, ‘நாங்கள் சேவை செய்த தனிமையான மனிதர் ஒருவர், தாமும் சேவை செய்யக் கற்றுக்கொண்டார்.’ உள்ளே பணியாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வரும் அக்டோபரிலும் மாணவர்கள் அவருடைய விறகைப் பிளக்க வருவார்கள் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அன்று மாலையே அவர் மூன்றாவது கடிதத்தை எழுதினார். நியமனக் கடிதத்தின் நகலையும், மேற்படி அட்டைகள் இரண்டின் நகல்களையும் இணைத்தார். கடிதம் இப்படி முடிகிறது:

‘பிளக்கப்பட்ட விறகைப் பிப்ரவரிக் கடுங்குளிரில் எரிக்க நேர்ந்தது. எரித்ததை, சேவையை நான் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது. நான் உங்கள் பணியாளனா, அல்லது நீங்கள் உதவி செய்த ஆளா என்பதை, இலையுதிர் காலச் செமஸ்டர் தொடங்கும் முன் தெரிவிக்கவும். பதில் ஜெபமாகவோ, அணைப்பாகவோ, பலகாரமாகவோ வேண்டாம். எழுத்தில், கையொப்பத்துடன் வேண்டும்.’