நீலக் காரும் புது எடிஷனும்

ஓசூரில் கம்பெனி பஸ்ஸைத் தவிர வேறு வண்டியில் நான் அதிகம் போனதில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆகியும், ஞாயிறு லீவில் பிரௌசிங் சென்டருக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஒரு கார் ரேஸ் விளையாட்டு ஆடுவேன். அதில் ஊர் முழுக்க இஷ்டப்படி ஓட்டலாம். பல வாரம் ஆடி ஒரு நீலக் காரை ஜெயித்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு போனால் விளையாட்டில் அந்தக் கார் இல்லை. கடைக்காரர் சிரித்தார்.

"புது எடிஷன் போட்டு, அப்டேட்டும் ஏத்திட்டேன்ணா. ஊரு பெருசு, வண்டி நெறைய. நீங்க சேத்து வச்சதெல்லாம் இதுல வராது."

"பழசு?"

"அழிச்சிட்டேன். நீங்க ரேஸா ஓட்டுறீங்க? சும்மா சுத்துறீங்க. எதுல சுத்துனா என்னண்ணா?"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் கூச்சத்தில் எழுந்து போயிருப்பேன். அன்று எங்கள் தொழிற்சாலை வழக்கம் நினைவுக்கு வந்தது. அங்கே மெஷின் செட்டிங்கில் ஒரு திருகைத் தொட்டால்கூட, அடுத்த ஷிஃப்ட்காரரிடம் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். சொல்லாமல் போனவனோடு யாரும் டீ குடிக்கப் போக மாட்டார்கள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "புதுசு நல்லாவே இருக்கட்டும். எனக்குப் பழசப் போடுங்க."

"போட்டாலும் அந்தக் கார் வராதுண்ணா. மொதல்ல இருந்து ஓட்டணும்."

"ஓட்டிக்கிறேன். இனிமே எதுனா மாத்துனா சொல்லிட்டு மாத்துங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பழைய சிடியைத் தேடினார். விளையாட்டு ஏறி முடியும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.