மாடி வீடும் ஒரு புனைபெயரும்

ஊர்க் குழு ஒன்றுக்கு அட்மினாக இருப்பவருக்கு ஊரில் எல்லாருடைய கோபமும் தெரியும். தன் கோபத்தை மட்டும் எங்கேயும் பதிவிட முடியாது.

நீங்களும் ஏதாவது ஒரு குழுவில் அட்மினாக மாட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்படியானால் நாம் ஒரே வருத்தக்காரர்கள். நான் நெடுங்காலம் ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தைப் பார்த்தவன். ஓய்வெடுத்து வீட்டில் இருந்தபோது, என் சகோதரியின் மகன் தான் நடத்திவந்த முகநூல் குழுவை என் தலையில் கட்டிவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டான். கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை உள்ளவர்கள் கருத்துச் சொல்லும் குழு அது. சிறுவர்களைச் சமாளித்தவருக்குப் பெரியவர்கள் எம்மாத்திரம் என்று நினைத்தான் போலும். சிறுவர்கள் திருத்தினால் நன்றி சொல்வார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி, ஒரு கலியாணம் நடக்குமா நின்றுவிடுமா என்று நான் வாய் மூடிக்கொண்டு பார்த்திருந்த நாட்களைப் பற்றியது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். கேட்க வேண்டியவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பூக்களை நிறுத்தியது

நான் பொறுப்பெடுத்ததும் செய்த முதல் சீர்திருத்தம், காலையில் வரும் ரோசாப்பூப் படங்களையும் வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படங்களையும் தடுத்தது. கருத்துக் குழுவில் கருத்து இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்றாம் நாள் நசீமா என்ற ஒரு தாய் போன் எடுத்தார். கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கதைத்தார். அன்று பின்னேரமே பூக்களைத் திரும்ப அனுமதித்துவிட்டேன். அவர் சொன்னது இதுதான்:

"சேர், என்ட மகன் சவூதியில. போன் எடுக்க அவனுக்கு நேரமில்ல. விடிய நான் போடுற பூவைப் பாத்துத்தான் உம்மா உசிரோட இருக்கா எண்டு வேலைக்குப் போறான். நீங்க பூவை நிப்பாட்டினா அவன் என்னத்தை நினைப்பான்?"

தேர்தல் வாரம்

குழுவுக்கு இன்னொரு அட்மினும் உண்டு. காரைதீவைச் சேர்ந்த தவராசா மாஸ்டர், கணிதம் படிப்பித்தவர். தேர்தல் காலத்தில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. முஸ்லிம் பெயரில் வரும் வசையை நான் அழிப்பேன், தமிழ்ப் பெயரில் வருவதை அவர் அழிப்பார். மாறி அழித்தால், அழித்ததைப் பற்றி இன்னும் நாற்பது பேர் எழுதுவார்கள். உங்கள் குழுவிலும் செய்து பாருங்கள், பலனுண்டு.

ஒருநாள் காரைதீவில் மின்சாரம் போய்விட்டது. அவருடைய பங்கு வசைகளெல்லாம் அப்படியே நின்றன. என் பங்கு சுத்தமாக அழிந்திருந்தது. எங்கள் பக்க இளைஞர்கள், நான் மற்றப் பக்கத்துக்கு விலைபோய்விட்டதாக எழுதத் தொடங்கினார்கள். பொறுக்க முடியாமல் மாஸ்டருக்கு அழைத்து, இன்று மட்டும் இரண்டு பக்கத்தையும் நானே அழிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சேர், கரண்ட் வரட்டும். எங்கட ஆக்களை நான் ஏசினாத்தான் கேப்பாங்க. நீங்க ஏசினா நானே உங்களுக்கு எதிரா எழுதவேண்டி வரும்."

நேர்கோடு

எங்கள் குழுவில் புனைபெயரில் எழுதலாம். ஆனால் உண்மைப் பெயரும் ஊரும் எனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சிறுவர் பக்கத்தில் வைத்திருந்த அதே விதிதான். 'முயல்குட்டி' என்று கதை எழுதிய பிள்ளையின் பெயரை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளை இன்று நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டுடன் நிற்கிறது. இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

குழுவில் மிகப் பிரபலமானவர் 'நேர்கோடு'. அரசியல்வாதி வீதிக்குக் கல் நட்டுவிட்டுப் போவதைப் பற்றி எழுதுவார், பள்ளிவாசல் வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதைப் பற்றி எழுதுவார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது சீதன வீட்டைப் பற்றி எழுதியதால்தான். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவார். 'பெண்ணுக்கு மகர்ப் பணம் கொடுக்க வேண்டியவன் வீட்டுச் சாவிக்குக் கை நீட்டுகிறான்' என்று நேர்கோடு எழுதிய பதிவை இரண்டாயிரம் பேர் பகிர்ந்தார்கள்.

அவர் நிந்தவூர் ஜெமீல் ஹாஜியார். வயலும் அரிசி ஆலையும் உள்ளவர், கூட்டங்களில் வாய் திறக்காதவர். ஏன் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ட பெயரில எழுதினா என்ட பொஞ்சாதி வாசிப்பா, சேர்."

மாடி

கல்முனைச் சந்தையில் புடவைக் கடை வைத்திருக்கும் நௌபர் எனக்குத் தூரத்து உறவு. அவருடைய மூத்த மகள் றுக்சானா ரீச்சர். அவளோடு ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு பொடியனைப் பேசியிருந்தார்கள். இருவருக்கும் விருப்பம், இரண்டு வீட்டாருக்கும் விருப்பம். பொடியன் யாருடைய மகன் என்று கேட்டேன். நிந்தவூர் ஜெமீல் ஹாஜியாரின் இளைய மகன் என்றார். என் கையில் இருந்த தேத்தண்ணியை மெதுவாகக் கீழே வைத்தேன்.

நௌபர் மகளுக்குக் கட்டிய வீடு கீழ்த்தளம் முடிந்து பூச்சு வேலையில் இருந்தது. ஹாஜியார் வீட்டிலிருந்து செய்தி வந்தது: மூத்த மகன் கலியாணம் முடித்த இடத்தில் மாடி வீடு, இளையவனுக்குக் குறைவாக இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? மாடி எழும்பட்டும், பிறகு நாள் குறிக்கலாம். இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டி வரும். மாடி கட்டுவதென்றால் நௌபர் தன் ஒரே வயல்காணியை விற்க வேண்டும். விற்கத்தான் போனார். மகள் மறித்துவிட்டாள். அவள் சொன்னதை அவரே எனக்குச் சொன்னார்:

"வயலை வித்து மாடி கட்டினா, அதில ஏறி நிண்டு நான் என்னத்தைப் பாக்கிற வாப்பா? வித்த வயலையா?"

நௌபரின் வேண்டுகோள்

அடுத்த கிழமை நௌபர் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். போனை நீட்டினார். நேர்கோட்டின் பதிவுகள் ஒவ்வொன்றாகச் சேமித்து வைக்கப்பட்டிருந்தன.

"சேர், இந்த மனிசன் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். சொல்லமாட்டேன்."

"சொல்லவேணாம். அவருக்கிட்ட நான் சொல்லுறதை மட்டும் சொல்லுங்க. ஒருக்கா நிந்தவூருக்குப் போய் எங்கட சம்மந்திக்கிட்ட கதைக்கச் சொல்லுங்க. ஜெமீல் ஹாஜியார் கெட்டவரில்ல. ஊர்வாய்க்குப் பயந்த மனிசன். நேர்கோடு மாதிரி ஒராள் முன்னுக்கு இருந்து சொன்னா கேப்பார்."

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் அட்மினின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நேர்கோடு மறுத்துவிட்டால் என்ன செய்வீர் என்று மட்டும் கேட்டேன்.

"மறுக்கமாட்டார் சேர். இப்படி எழுதுறவர்ட வீட்டில பொம்புளப் புள்ள எடுக்க எனக்கு ஆம்புளப் புள்ள இல்லாமப் போயிற்றே எண்டுதான் எனக்குக் கவலை."

செய்தி சேர்த்தது

வாசகர் ஒருவர் எழுத்தாளருக்குச் சொன்னதை எழுத்தாளரிடம் சேர்ப்பது ஆசிரியரின் கடமை. அதில் ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. ஹாஜியாருக்கு அழைத்து, உங்கள் வாசகர் ஒருவரிடமிருந்து செய்தி இருக்கிறது என்றேன். குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. சொல்லச் சொன்னார். கல்முனை நௌபர் என்று தொடங்கி, 'ஊர்வாய்க்குப் பயந்த மனிசன்' என்பதையும் விடாமல் அப்படியே சொல்லி முடித்தேன்.

மறுமுனையில் அரிசி ஆலை இரையும் சத்தம் மட்டும் கேட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"எழுதுறது ஊருக்கு, சேர். இது வீட்டு விசயம்" என்றார் கடைசியில்.

கருத்துச் சொல்வது அட்மினின் வேலை இல்லை. சொல்லியிருந்தால் நல்ல வசனமாக ஏதாவது சொல்லியிருப்பேன், அவரும் போனை வைத்திருப்பார்.

"நான்தான் எண்டு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. என்னால் தெரியவும் வராது."

பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நேர்கோடு சொன்னா கேப்பார் எண்டு சொன்ன இடம்... அதை மறுகா ஒருக்காச் சொல்லுங்க."

முழங்கால்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாஜியாரும் மனைவியும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நௌபர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். றுக்சானா பழச்சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவுச் சீலைக்குக் கீழே அவள் கால்கள் அசையாமல் நின்றதை நான் பார்த்தேன்.

ஹாஜியார் அறை அறையாகப் போனார். படிக்கட்டுக்கு விட்டிருந்த இடத்தில் நின்று மேலே பார்த்தார். என்னை ஒரு தரமும் பார்க்கவில்லை.

"மாடி வேணாம்" என்றார்.

மனைவி திரும்பினார். "என்ன கதை இது? நேத்து வரைக்கும் வேணுமெண்டு..."

"எனக்கு முழங்கால் வருத்தம். படி ஏற ஏலா."

"நீங்க என்னத்துக்கு ஏற? மகன்தானே இங்க இருக்கப் போறான்!"

ஊர் என்ன சொல்லும் என்று அந்த அம்மா கேட்டார். ஊர் சொல்வதை ஊரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றார் ஹாஜியார். மூத்தவனின் மாமனார் வீட்டார் சிரிப்பார்களே என்றார் அந்த அம்மா. சிரிக்கட்டும், ஆனால் நாள் இன்றைக்கே குறிக்க வேண்டும் என்றார் இவர். வீட்டு விசயத்தில் அவர் இவ்வளவு பேசியதை அவர் மனைவி அதற்கு முன் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் தெரிந்தது. கடைசியாக ஹாஜியார், படிக்கட்டு வரவேண்டிய வெறும் இடத்தைக் காட்டிச் சொன்னார்:

"நாளைக்குப் பேரப்புள்ள மேல நிண்டு என்னைக் கூப்பிட்டா, கீழ நிண்டு நான் கழுத்தை முறிக்கிறதா? புள்ள கீழயே விளையாடட்டும்."

சஹன்

நௌபர் அன்றே எனக்கு அழைத்து, நேர்கோடு போய்க் கதைத்துவிட்டார் என்று தான் விளங்கிக்கொண்டதைச் சொன்னார். இல்லை என்று சொன்னால் பொய். ஆம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கலியாணத்துக்கு நேர்கோட்டைக் கட்டாயம் அழைக்கச் சொன்னார். அழைத்தேன். அழைப்புக் கிடைத்தது என்று பதிலும் வந்தது.

கலியாணத்தன்று எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு சஹனையும் சுற்றி ஆறு பேர் அமர்ந்தோம். பெரிய தட்டு, நடுவில் சோறும் இறைச்சியும், ஆறு பேருக்கும் அந்த ஒன்றே. எங்கள் சஹனில் ஹாஜியார், நான், தவராசா மாஸ்டர், இன்னும் இரண்டு உறவினர். ஹாஜியாருக்குப் பக்கத்து இடத்தில் நௌபர் யாரையும் இருக்கவிடவில்லை. அது நேர்கோட்டுக்கு. வாசலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சோறு ஆறத் தொடங்கியது. தவராசா மாஸ்டர் கையைக் கழுவிவிட்டு அந்த ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"சம்மந்தி, அந்த மனிசன் வரல்லியே" என்றார் நௌபர், மனம் கேளாமல்.

ஹாஜியார் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை வைத்தார்.

"அவர் இனி வரமாட்டார், சம்மந்தி. அவர்ட பங்கையும் எனக்கே வைங்க."

கருத்துச் சொல்பவரும் அதன்படி நடக்கவேண்டியவரும் ஒரே ஆளாகவே இருந்தாலும், இருவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்கச் சம்பளமில்லாத ஓர் அட்மின் தேவைப்படுகிறார்.