ஆடி மாதத்தில் போன தேனிலவு

வைகாசியில் எனக்குக் கல்யாணம். தேனிலவுக்கு பாரிஸ், லூசெர்ன், வெனிஸ், ரோம் என்று நான்கு ஊர்களுக்கு ரயில், அறை, சாப்பாடு என மணிவாரியாக நானே அட்டவணை போட்டேன். விசாவும் வந்துவிட்டது. மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. ஆனாலும் தமிழ் மாதத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

கிளம்பும் வாரம் ஆடி பிறந்தது. என்னை அழைத்துப்போக நார்த்தாமலையிலிருந்து அப்பா சீரோடு விராலிமலையில் என் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டிக்கெட்டை மாத்த முடியாதுங்க அத்தை" என்றேன்.

"ஆடியில நீங்க சேர்ந்து இருக்கத்தானம்மா கூடாது? அவன் மட்டும் போயிட்டு வரட்டும். டிக்கெட்டு ஏன் வீணாகணும்?" என்றார் மாமியார். அப்பாவும் தலையாட்டினார்.

கணவர் எனக்காகப் பேசுவார் என்று பார்த்தேன். "அந்த லிஸ்ட்டை எனக்கு அனுப்பிரு" என்றார்.

போனார். நான் குறித்த நேரப்படியே ஒவ்வொரு ஊரிலிருந்தும் படம் வந்தது. வெனிஸ் படகில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, "உன் பிளான் சூப்பர்!"

இப்போதும் பயணத்துக்கு அட்டவணை போடுகிறேன். ஆனால் முதல் கட்டத்தில் தேதி இல்லை. அதில் அவருக்கான ஒரு கேள்வி இருக்கிறது: 'வீட்டில் வேண்டாம் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?' அதற்குப் பதில் வந்த பிறகுதான் மற்றவற்றை நிரப்புவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

கொடைக்கானல் அட்டவணையில் அந்தக் கேள்விக்கான பதில் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.