வெந்நீர்ப் பெட்டிமேல் விழுந்த நிழல்

யுத்தம் முடிந்தும் விறகுத் தட்டுப்பாடு முடியாத காலம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டின் நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் நானும் என் கணவரும் ஐந்து மாதக் குழந்தையும். அந்தப் பக்கம் கொழுந்தனும் அவர் மனைவியும். மொட்டை மாடி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. வினை அங்கேதான் வந்தது.

கொழுந்தனுக்குத் துறைமுகப் பட்டறையில் வேலை. கப்பலில் கழித்துப் போட்ட கனத்த கண்ணாடி ஒன்றை அந்தத் தை மாதம் கொண்டுவந்தார். பலகையில் பெட்டி அடித்து, உள்ளே ஒரு தகரத் தொட்டியை வைத்துத் தார் பூசி, கண்ணாடியால் மூடி, மாடியில் தெற்கு பார்த்துச் சாய்த்து வைத்தார். காலையில் தண்ணீர் ஊற்றினால் சாயங்காலம் அவர்கள் குளியலறைக் குழாயில் வெந்நீர். அடுப்பும் இல்லை, ஊதுகுழலும் இல்லை.

"இவளுக்குப் புகை ஆகலை மதினி. கண்ணு கலங்கிப்போவுது, அதான்" என்றார் என்னிடம்.

எனக்கு மட்டும் புகை பன்னீரா? ஈர விறகை ஊதி ஊதி என் கண் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்ததை யார் பார்த்தார்கள்? என் கணவர் உப்பு ஆபீசில் குமாஸ்தா. சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆள் தேடுவார். "வெயில்ல கெடந்த தண்ணிக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்று சொல்லிவிட்டு, நான் காய்ச்சிய வெந்நீரில் குளிக்கப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. வெந்நீருக்காக இல்லை. பெண்டாட்டி கண் கலங்குவதைப் பார்க்கிற புருஷன் அவளுக்கு வாய்த்திருக்கிறானே என்றுதான்.

அடுத்த திங்கட்கிழமை துணிக்கொடியை இடம் மாற்றிக் கட்டினேன், பெட்டிக்கு நேர் தெற்கே. குழந்தைக்கு வைத்திருந்த வேட்டிக் கிழிசல்களை இடைவெளி இல்லாமல் உலர்த்தினேன். நிழல் கண்ணாடியை முழுசாக மூடியது. கேட்டால் பிள்ளைத் துணி என்று சொல்லிக்கொள்ளலாம்.

யாரும் கேட்கவில்லை. கொழுந்தன் விடிந்ததும் போய் இருட்டுகிற நேரம் திரும்புகிறவர். அதற்குள் துணிகள் காய்ந்து என் வாசலுக்கு வந்துவிடும். அவர் மனைவிதான் எடுத்து வருவாள், மூலைக்கு மூலை பொருந்த மடித்து. பெட்டிக்கு முன்னாலேயே நின்று துணி எடுக்கிறாள், நிழல் தெரியவில்லையே இந்த மக்குக்கு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அவர்களுக்கு வெந்நீர் வரவில்லை. சனிக்கிழமை அந்தியில் கொழுந்தன், "நாளைக்குப் பிரிச்சிப் போட்டுருதேன்" என்றது சுவர் தாண்டிக் கேட்டது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட வேண்டியவளுக்கு அந்த மௌனம் உறுத்தியது. விடிந்ததும் மாடிக்குப் போனேன். அவள் பெட்டியருகே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏளா, நெழல் விழுதது ஒனக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும்க்கா."

"பின்ன, கொடியத் தள்ளிக் கட்ட வேண்டியதுதானே?"

"தள்ளிக் கட்டுனா நீங்களே வந்து எடுத்துருவிய. இங்கன கெடந்தா, தொட்டி பாக்க வந்த சாக்குல நான் மடிக்கலாம்லா." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கல்யாணமாகி ஏழு வருசமாச்சி. எனக்கு இப்படித் துணி மடிக்க வாய்க்கலையே" என்றாள்.

நான் கொடியை அவிழ்த்து வடக்குச் சுவரோரம் கட்டினேன். பெட்டியை இன்னும் ஒரு நாள் விட்டுவைக்கும்படி கொழுந்தனிடம் சொன்னேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை.

பொறாமை அத்தோடு போய்விட்டது என்றால் பொய். அன்று சாயங்காலம் அவர்கள் குழாயில் வெந்நீர் விழுகிற சத்தம் கேட்டபோது மறுபடி எரியத்தான் செய்தது. ஆனாலும் துணி எடுக்க நான் மாடிக்குப் போகவில்லை.