இடது கதவுக்குப் போன ஐந்து வயர்கள்

பிள்ளைகளே, இங்கே தோஹாவில் ஒரு காரின் சைரன் அலறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று காலை எங்கள் கராஜுக்கு எதிரே இருக்கிற பார்க்கிங்கில் ஒரு வெள்ளைக் கார் கால் மணி நேரம் கத்தியது. பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தவர் மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டாரே தவிர, அது யாருடைய கார் என்று பார்க்கவில்லை. அந்த சைரனைப் பொருத்தியவன் நான்தான். பதினொரு வருடமாக எனக்கு இதுதான் தொழில். அதே மாதிரி ஒரு சைரனை நம் குண்டசாலையில் முதல் தடவை அடித்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா துருவிய தேங்காய்ப்பூ கையோடு ஓடி வந்தார். எதிர்வீட்டுக்காரர் தடியோடு வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். கள்ளன் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒருவர்கூடப் போகவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால்தான் உங்கள் அப்பா நான் பிழை விட்டேன். அதை நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள். சிரித்தது சரிதான். ஆனால் அன்றைக்கு என் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கண்டி டவுனில் ஒரு கராஜில் வயரிங் பழகியவன். அங்கிருந்து இங்கே வந்தேன். இந்த முறை லீவில் வரும்போது ஒரு கேள்வியோடு வந்தேன். என் விசா முடிய ஏழு மாதம் இருந்தது. அதைப் புதுப்பிப்பதா, வீட்டு முன்னறையில் சொந்தமாக ஒரு கடை போடுவதா? உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "பெட்டி பெட்டியா சாமான் கொண்டாந்தது போதும். இங்க ஓடுற ஒரு வண்டிய மொதல்ல செஞ்சு காட்டுங்க. நாலு பேரு பாக்கட்டும். அப்புறம் கடையப் பத்திப் பேசுவோம்" என்றாள். அவள் சொன்னது நியாயம். பதினொரு வருடம் ஊரில் இல்லாதவனை நம்பி யார் வண்டி விடுவார்கள்?

அப்படிக் கிடைத்த முதல் வண்டிதான் தபால் மாத்தயாவின், அதாவது நம் தபால் ஐயாவின், கார். நம் தெரு முனையில் இருக்கிறாரே, அவர். புசல்லாவையில் வெகு காலம் போஸ்ட் மாஸ்டராக இருந்ததால், சிங்களவர் என்றாலும் தோட்டத்து ஆட்கள் பேசுகிற மாதிரியே தமிழ் பேசுவார். முற்றத்தில் நின்ற காரிலிருந்து இரண்டு தடவை கள்ளர்கள் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "பாஸ், அலாரமும் போடு, நாலு கதவும் ஒண்ணா பூட்டுற மாதிரியும் செஞ்சு குடு" என்றார். நம் ஊரில் கைத்தொழில்காரனை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே என்னை நம்பரால் கூப்பிட்டுப் பழகிய காதுக்கு அது இனித்தது.

வேலையைத் திருத்தமாகத்தான் தொடங்கினேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைத்தேன். மழைத்தண்ணீர் தங்காதபடி சைரனின் வாயை நிலத்தைப் பார்க்க வைத்தேன். பானட்டைத் திறந்தால் கத்துவதற்கு ஒரு சுவிட்ச், சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆவதைத் தடுக்க ஒரு ரிலே. ஒவ்வொரு வயர் இணைப்பையும் வெறுமனே முறுக்கி விடாமல் ஈயம் வைத்து ஒட்டினேன். நடுவில் மாத்தயாவின் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தார். வேலை முடியும்வரை எதையும் வாயில் வைக்காமல் இருப்பது இங்கே வந்த பழக்கம். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. மாத்தயா என் பக்கத்தில் குந்தி, "எங்க வீட்டுக் கோப்பையில குடிக்க மாட்டியா?" என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கோப்பை குடித்தேன். அதன் பிறகு அந்த அம்மாவும் எங்களோடு சேர்ந்துகொண்டார். கார் நிற்பது ஜம்புப் பழ மரத்தடியில். இங்கே வைக்கிற அளவில் அதிர்வு சென்சாரை வைத்தால் பழம் விழும்போதெல்லாம் கத்தும். அந்த அம்மா காரின் கூரை மேல் ஒவ்வொரு ஜம்புவாகப் போட, நான் சைரன் வயரைக் கழற்றிவிட்டு, விளக்கு சிமிட்டுவதை மட்டும் பார்த்து, சென்சாரின் திருகைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பழம் விழுந்தால் பேசாமல் இருந்து, கையால் தட்டினால் மட்டும் கத்துகிற இடத்தில் நிறுத்தினேன்.

பிறகுதான் சைரனை அடித்துக் காட்டினேன். ஊர் கூடியது. உங்கள் மாமா முச்சக்கர வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கண்ணூறு படாமல் நாலு டயருக்கும் அடியில் தேசிக்காய் வைத்தார். ரிமோட்டை அழுத்தினேன். நாலு கதவும் டக்கென்று பூட்டின. எல்லாரும் தலையாட்டினார்கள். மாத்தயா மட்டும் பழைய ஆள். நான் ரிமோட்டால் மறுபடி திறந்ததும், சாவியை எடுத்து டிரைவர் கதவில் போட்டுத் திருப்பினார். அந்த ஒரு கதவுதான் பூட்டியது. மற்ற மூன்றும் திறந்தபடியே கிடந்தன.

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு கதவுக்குள்ளும் பூட்டை இழுக்க ஒரு சின்ன மோட்டார் உண்டு. மூன்று கதவுக்கு இரண்டு வயர் மோட்டார். டிரைவர் கதவுக்கு மட்டும் ஐந்து வயர் மோட்டார். அது தலைவன் மாதிரி, அது பூட்டினால் மற்றதெல்லாம் பூட்டும். இங்கே எல்லா வண்டிக்கும் ஸ்டீரிங் இடது பக்கம். நம் நாட்டில் வலது பக்கம். பதினொரு வருடப் பழக்கத்தில் என் கை ஐந்து வயரை இடது கதவுக்குக் கொண்டு போய்விட்டது. முழு நாளும் அந்த ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்தும் எனக்கு உறைக்கவில்லை.

மாமா என் காதோரம் வந்தார். "மச்சான், ரிமோட்டுல எல்லாம் வேல செய்யுதுதானே. இப்ப வர்ற மாடல்ல சாவி சும்மா பேருக்குத்தான்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

சொல்லியிருக்கலாம். மாத்தயா நம்பியிருப்பார். ஆனால் ஒரு நாள் ரிமோட் பேட்டரி தீர்ந்து, அவர் சாவியால் பூட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பார், மூன்று கதவு திறந்து கிடக்கும். கள்ளனுக்கு நானே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. உங்கள் அம்மா கூட்டத்தின் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தயா, பிழை என்னோடதுங்க. டிரைவர் கதவு மோட்டார இடது பக்கம் போட்டுட்டேன். நாளைக்குக் காலையில ரெண்டு கதவையும் கழட்டி மாத்தித் தாறேன்."

மாத்தயா இடது பக்கக் கதவைத் திறந்து, அந்த சீட்டில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பாஸ், ஒன் ஒடம்பு மட்டுந்தான் பிளேன்ல வந்திருக்கு. கை இன்னும் வரல்ல போல" என்றார். அப்போதுதான் நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். மாமா சும்மா இருப்பாரா? "கை வர்றதுக்கு வேற டிக்கட் போடணும், மாத்தயா" என்றார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மாத்தயா சாவியைப் போட்டுத் திருப்ப, நாலும் ஒரே சத்தத்தில் பூட்டின. மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, அலாரம் பெட்டியோடு வந்த இரண்டு ரிமோட்டில் ஓரம் வெடித்திருந்த ஒன்றை என் கையில் வைத்தார். "இதோட மூடி வெடிச்சிருக்கு. நீ போற ஊர்ல மாத்தி எடுத்துக்கிட்டு வா. பார்சல்ல போட வேணாம். நீயே கொண்டு வரணும்." காரைத் திறக்கிற சாமானை ஒரு மனிதர் என்னை நம்பிக் கடல் தாண்டி விட்டார். நான் புறப்படுவதற்குள் அவர் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்து, எப்போது கடை திறப்பேன் என்று கேட்டார்கள். உங்கள் அம்மா முன்னறையைக் காலி பண்ண, அங்கே உட்கார இருந்த கதிரைகளை எடுத்து உள்ளே போட்டாள்.

விசாவைப் புதுப்பிக்க வேண்டாம் என்று போன கிழமை முதலாளியிடம் சொன்னேன். சம்பளம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, கூட்டித் தருகிறேன் என்றார் அந்த அரபிக்காரர். அதற்கில்லை என்று விளக்க, வெடித்த ரிமோட்டை எடுத்துக் காட்டினேன். "இதற்காகவா?" என்று அலுமாரியைத் திறந்து ஒரு புது மூடியை நீட்டினார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். இன்னும் மாட்டவில்லை. மாத்தயாவின் முற்றத்தில் வைத்துத்தான் மாட்டுவேன்.

அதற்குள் இங்கே ஒரு கூத்து. நேற்று ஒரு கார் வந்தது. கூட வேலை செய்கிற நேபாளக்காரர் வெளியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, "உஸ்தாத், ஸ்டீரிங் அந்தப் பக்கம்" என்றார். நான் வலது கதவைக் கழற்றி வைத்து, ஐந்து வயரையும் அதற்குள் பாதி இழுத்திருந்தேன்.

வேலை முடிந்து பார்க்கிங் வழியாக நடக்கும்போது பையில் இருக்கிற மாத்தயாவின் ரிமோட்டை அழுத்திப் பார்த்தேன். வரிசையாக நிற்கிற நூறு காரில் ஒன்றும் கண் சிமிட்டவில்லை. என் கைக்குள், வெடித்த மூடியின் இடுக்கு வழியாக, அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்து அணைந்தது.