நாலு மணிக்குக் கூப்பிட்ட மேமலை

நோட்டன் பிரிட்ஜ் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் இன்றைக்கும் நிற்கிற டெலிபோன் தூண்களில் ஒன்றைக்கூட வெளியாள் நடவில்லை, எல்லாம் நான் நட்டவை. ஃபேக்டரிச் சங்குக்குக் கரண்ட் இழுத்தது நான். கோயிலுக்கு முதல் குழாய் லைட் போட்டது நான். பங்களாவில் துரை பொத்தானை அழுத்தினால் சமைக்கிற குசினியில் பல்பு எரிகிற ஏற்பாடு என் மூளையில் வந்தது. படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி. கூலிக்காரர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் மண்வெட்டியோடுதான் சாவான் என்று சொன்ன பெரிய கிளாக்கர், பின்னாளில் தன் வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்குத்தான் வந்தார். கம்பி ராமையா என்றால் ஹட்டன் டவுன் வரைக்கும் தெரியும்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பேய், முனி, காட்டேரி என்று ஒருவன் ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியில் ஓடுகிறதை மட்டும் நம்புகிறவன் நான். அதனால்தான் கம்பியில் ஓடாதது இன்றைக்கும் என்னைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் தோட்டத்துக்கு ஐ.எஸ்.டி.என். என்று ஒரு புது லைன் வந்தது. ஃபேக்டரி ஆபீசுக்கு ஒன்று, மலை உச்சியில் மேமலை டிவிஷன் நிறுவைக் கொட்டகைக்கு ஒன்று. மாலைக் கொழுந்து நிறுத்ததும் யார் எத்தனை கிலோ என்ற பட்டியல் நாலு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும், அதைப் பார்த்துத்தான் ஃபேக்டரியில் எத்தனை தொட்டியில் வாட்டுவது என்று முடிவு செய்வார்கள்.

இந்த லைன் எப்படி என்றால், கம்பி அதே பழைய இரட்டைக் கம்பிதான், ஆனால் அதற்குள் மூன்று வழி. இரண்டு பெரிய ரோடு, ஒரு ஒற்றையடிப் பாதை. சரக்கு பெரிய ரோட்டில் போகும். யார் கூப்பிடுகிறார்கள், எந்த நம்பரிலிருந்து, எடுக்கலாமா கூடாதா என்ற சேதி மட்டும் ஒற்றையடிப் பாதையில் ஓடும். சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு கேபிள், கேபிளின் முனையில் ரூட்டர். அனுப்ப வேலை இருந்தால் ரூட்டர் தானாக நம்பர் அடிக்கும், இரண்டு நிமிஷம் வேலை இல்லாவிட்டால் தானாக வெட்டிக்கொள்ளும். மனிதனைவிடச் சிக்கனம்.

கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் இரண்டு நாள் மேமலையில் உட்கார்ந்து முடியைப் பிய்த்துக்கொண்டார். லைன் வரும், போகும், வரும், போகும். கேபிளின் கடைசியில் போட வேண்டிய இரண்டு குட்டி ரெசிஸ்டர் இல்லாமல், போன சத்தம் முனையில் முட்டித் திரும்பி வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நான். பள்ளத்தாக்கில் கத்தினால் எதிரொலி வருகிற மாதிரி. அவர் முதலில் சிரித்தார். பிறகு போட்டார். வேலை செய்தது. ஃபேக்டரி ஆபீஸ் சுவரில் பலகை அடித்தார்கள், அதில் அவர் பெயர் மட்டும்.

இன்ஜினியர் போனபிறகு மிச்சத்தை ரூட்டருக்குள் எழுதியவர் குகதாசன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்த கிளாக்கர், என்னைவிட இருபது வயது இளையவர். அவர் தட்டத் தட்ட நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எக்ஸ்சேஞ்ச் எந்த வகை, எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும், அந்தப் பக்கத்துக்குப் பெயர் என்ன, எது வேலை, எது வேலை இல்லை. கடைசியாக ஒரு ரகசியச் சொல். அது இரண்டு ரூட்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலேயிருப்பது கூப்பிட்டால் கீழேயிருப்பது ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும், மேலேயிருப்பது அந்த எண்ணோடு ரகசியச் சொல்லைக் கலக்கி விடை சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் எண் மாறும், விடையும் மாறும், ஒட்டுக்கேட்டவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரிதான். கூப்பிட்டால், அவனே வந்து நின்று அவன் குரலில் பதில் சொல்ல வேண்டும்.

ரகசியச் சொல்லைத் தந்தவன் நான். அது என்னவென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். தட்டும்போது அங்கே மூன்று பேர். குகதாசன், நான், மேமலைக் கணக்கப்பிள்ளை பெருமாள். அவர்தான் மேலே அந்த மெஷினில் தினமும் உட்கார்ந்து அனுப்பப்போகிறவர்.

எட்டு மாதம் ஓடியது. பிறகு அந்த மழை. மேமலையில் மண் வெடித்ததைப் பார்த்து ஆட்களை முந்தின நாளே கீழே இறக்கிவிட்டார்கள். பெருமாள் மட்டும் ஆட்களின் பெயரும் வேலைநாளும் எழுதுகிற செக்ரோல் புத்தகத்தை விட்டுவிட்டேன் என்று திரும்பி ஏறினார். பாதிக் கொட்டகையோடு மண் அவரைக் கொண்டுபோனது. எடுத்தபோது புத்தகம் சட்டைக்குள் நனையாமல் இருந்தது.

டிவிஷனை மூடினார்கள். மிஞ்சிய கொட்டகையிலிருந்து ரூட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து துரையின் அலுமாரியில் பூட்டினேன். சரிவுக்கு மேலே கிடந்த கம்பியை வெட்டிச் சுருட்டினேன். எக்ஸ்சேஞ்சில் அந்த நம்பரை மூடிவிட்டார்கள். ஒன்று மட்டும் செய்யவில்லை. கீழே ஃபேக்டரி ரூட்டரிலிருந்து மேமலையின் பெயரை எடுக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, ஆள் செத்தாலும் மாதம் முடியும் வரை செக்ரோலில் பெயர் வெட்டுவதில்லை. குகதாசன் அதைப் பார்த்துப் பழகியவர், ரூட்டரிலும் மாத முடிவில் வெட்டலாம் என்று விட்டுவிட்டார்.

பத்து நாள் போயிருக்கும். குகதாசன் என் வீட்டுக்கே வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணை, மேமலைக் கம்பியை வெட்டினது உண்மைதானே?"

"என்ன தம்பி, என்னையே செக் பண்றீங்களா? நானே வெட்டுனேன், நானே சுருட்டுனேன், ஸ்டோர்ல கெடக்கு, வந்து பாருங்க."

"அப்ப இதைப் பாருங்கோ."

ஃபேக்டரி ரூட்டர் எழுதி வைத்த பதிவு, ஒரு தாளில். பத்து நாளும் மாலை நாலு மணிக்கு மேமலை நம்பரிலிருந்து ஃபேக்டரிக்கு அழைப்பு. பெயர் சரி. எண்ணுக்கு விடை சரி. இரண்டு நிமிஷத்தில் வெட்டவும் இல்லை, ஏழெட்டு நிமிஷம் நின்றிருக்கிறது. அப்படியானால் ஏதோ வந்திருக்கிறது. வாங்கி வைக்கிற கம்ப்யூட்டரை ஏற்கனவே கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் வந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நானும் அவரை அப்படித்தான் பார்த்திருப்பேன். ரகசியச் சொல் தெரிந்த மூன்று பேரில் ஒருவர் மண்ணுக்குள். மிச்சம் நாங்கள் இருவர். அறுந்த கம்பியின் அடிப்பாதி, சரிவு வரைக்கும் இன்னும் தூணில்தான் தொங்கியது, அது போவது குகதாசனின் குவார்ட்டர்ஸ் கூரையை உரசிக்கொண்டு.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சலூனில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத்தான் சொன்னேன். சவரம் செய்கிற கதிர்வேல் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டான், "ஏண்ணே, செத்த லைனு பேசுதுன்னா அது பேயா, ஆளா?"

"பேயாவது மண்ணாங்கட்டியாவது. ஆளுதான். கூரைக்கு மேல கம்பி போற ஆளு."

அவ்வளவுதான். புதன்கிழமை ஜீப் வந்தது. யுத்தம் நடந்த அந்தக் காலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பையன், தெரியாத லைன், தினமும் ஒரே நேரத்தில் அழைப்பு. விசாரணைக்குக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் துரையிடம் சிங்களத்தில் சொன்னார். அப்படிப் போனவர்கள் எத்தனை மாதம் கழித்துத் திரும்பினார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். குகதாசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கை மட்டும் முழங்காலை விடவில்லை. என் வாயால் வந்த வினை.

நான் முன்னால் போய் நின்றேன். இன்றைக்கு நாலு மணிக்கு ஒரு சோதனை வைப்போம் என்றேன். அறுந்த மேமலை லைன் டவுனிலிருந்து மலைமுகட்டைத் தாண்டி எங்கள் எல்லைக்குள் நுழைகிற முதல் தூணில் நான் ஏறி, அங்கேயே வெட்டி இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொள்கிறேன். அதற்கு இப்பால் எந்தக் கூரையில் எவன் எதை மாட்டியிருந்தாலும் செத்துவிடும். குகதாசன் இன்ஸ்பெக்டரின் கண்முன்னால் உட்கார்ந்திருக்கட்டும். பழைய ரூட்டரை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். அழைப்பு வந்தால் ஃபேக்டரிச் சங்கை ஒரு தடவை ஊதுங்கள், அழைப்பு முடிந்ததும் இரண்டு தடவை. வராவிட்டால் இந்தப் பிள்ளையைக் கொண்டுபோங்கள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். கம்பி மாமாவே ஜெயிலுக்கு வழி சொல்லித் தருகிறார் என்றார். ஆனாலும் சரி என்றார்.

எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? அழைப்பு வராது என்றுதான். குகதாசனே செய்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு பாதி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் எதை நம்பி அந்தச் சோதனையைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மூன்றரைக்குத் தூணில் ஏறினேன், கான்ஸ்டபிள் ஒருவர் கீழே நின்றார். மூடுபனி இறங்கி அவருடைய தொப்பிகூடத் தெரியவில்லை. வெட்டினேன். டவுனிலிருந்து வருகிற முனை வலது கையில், மேமலைக்குப் போகிற முனை இடது கையில், இரண்டும் தோலுரித்த செம்பு. ஈரக்கையில் துளி கரண்ட் வந்தாலும் கடிக்கும். ஒன்றும் இல்லை. வெறும் குளிர்.

சங்கு ஊதியது. ஒரு தடவை.

நான் கையைப் பார்த்தேன். முனைகள் இரண்டும் என் கையில்தான், ஒன்றை ஒன்று தொடவில்லை. செம்பில் ஒரு துடிப்பு இல்லை, ஒரு சூடு இல்லை. கான்ஸ்டபிள் கீழேயிருந்து சிங்களத்தில் கேட்டார், மாமா, கம்பியை விட்டுவிட்டீர்களா என்று. விடவில்லை என்றேன். அப்போது ஒரு வாசனை வந்தது. பறித்துச் சாக்கில் அடைத்த பச்சைக் கொழுந்தின் வாசனை, நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அது. அந்தப் பக்கத்து மலையில் யாரும் கொழுந்து எடுத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

ஒரு பட்டியல் முழுவதும் வாசித்து முடிகிற நேரம் அப்படியே நின்றேன். பிறகு சங்கு இரண்டு தடவை ஊதியது. வாசனை போய்விட்டது.

கீழே வந்து வாக்குமூலம் கொடுத்தேன், கையெழுத்தும் போட்டேன். கான்ஸ்டபிளும் பார்த்ததைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் என் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் வெறும் ஜீப்பாகப் போனது.

மறுநாள் கொழும்பு இன்ஜினியர் வந்து எக்ஸ்சேஞ்சில் பழுது என்று எழுதி வைத்தார். எங்கோ நம்பர் மாறி விழுகிறதாம். சரி ஐயா, நம்பர் மாறி விழலாம். பழுதுக்கு ரகசியச் சொல் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். அவர் காரில் ஏறிவிட்டார்.

மாதம் முடியும் வரை அழைப்பு வந்தது. பெயரை எடுக்க வேண்டாம், கவனிப்போம் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். முதலாம் தேதி நாலு மணிக்கு நானும் குகதாசனும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். அழைப்பு வந்தது, அப்படி ஒரு பெயர் இல்லை என்று ரூட்டர் தள்ளிவிட்டது. மறுபடி வந்தது. தள்ளியது. மூன்றாம் தடவை வந்தது. தள்ளியது. பெரட்டில் மூன்று தடவை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த அழைப்பு வரவே இல்லை.

குகதாசன் ரூட்டருக்குள் போய்த் தேடினார். மேமலை என்ற பெயர் இல்லை. மாத முடிவில் வெட்ட வேண்டிய பெயர், மாத முடிவில் வெட்டப்பட்டிருந்தது. அவர் வெட்டவில்லை என்று சத்தியம் செய்தார். நானும் செய்தேன்.

இப்போது அவர் கனடாவில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவார், பிள்ளைகளைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்துவார்.

"அண்ணை, இப்பவாவது சொல்லுங்கோ. பேரை வெட்டினது நீங்கள்தானே? நான் தட்டேக்கை பக்கத்தில நிண்டு பார்த்தனீங்கள்."

"அதையேதான் தம்பி நானும் கேக்கணும்னு இருந்தேன்."

பிறகு வைத்துவிடுவோம். அவர் என்னை நம்பவில்லை. நானும் முழுசாக அவரை நம்பவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றால் வெட்டியது யார் என்ற இடத்துக்கு மட்டும் நாங்கள் இருவரும் போவதில்லை.

போன மாதம் ஃபேக்டரிக்குப் போனேன். அந்தப் பலகை இன்னும் சுவரில் இருக்கிறது, இன்ஜினியர் பெயரோடு. ஆபீஸ் கோப்பிலும் பழுது சரிசெய்யப்பட்டது என்று அவர் பெயர்தான். அதனால் இதை அச்சுப் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ரெசிஸ்டர் இரண்டையும் சொன்னவன் ராமையா. அந்தத் தூணில் ஏறி, முதல் சங்கிலிருந்து கடைசிச் சங்கு வரைக்கும் இரண்டு முனையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் ராமையா. ஒரு பிள்ளையைத் தேடி ஜீப்பை வரவழைத்தது என் வாய் என்றும் போடுங்கள், வெறும் ஜீப்பாகத் திருப்பி அனுப்பியது என் கை என்றும் போடுங்கள். பெயர் வெட்டாமல் போடுங்கள்.