கல் மாதிரி ஒரு கட்டி

செட்டிகுளத்துப் பக்கம் வெங்காயப் பட்டறை பிரிக்கிறார்கள் என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விலை ஏறட்டும் என்று மூங்கில் படலுக்குள் மாதக்கணக்கில் இருப்பு வைத்த சின்ன வெங்காயத்தில் நல்லதையும் அழுகலையும் பிரிக்க எனக்குக் கண் வேண்டாம், விரல் போதும். மெத்தென்று அமுங்கினால் அழுகல். கல் மாதிரி இருந்தால் நல்ல காய். பெருமையாகத்தான் சொல்கிறேன், என் விரல் தப்புச் சொன்னதில்லை.

அந்த நினைப்பில்தான், குளிக்கும்போது இடது மார்பில் தட்டுப்பட்டதையும் உருட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. வலி இல்லை. நல்லதுதான் என்று ஐந்தாறு மாதம் விட்டுவிட்டேன்.

சுகர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன அன்று நர்ஸம்மா மறித்தாள்.

“ஆயா, மாத்திரை அப்புறம். உள்ள டாக்டரம்மா மார்பு சோதிக்கிறாங்க, போயிட்டு வாங்க.”

“போடி, இந்தத் தோலுல என்னத்தப் பாக்கப் போறாங்க? பேத்திக்கே கல்யாணம் ஆயிடுச்சு.”

“பாத்தா தேஞ்சா போயிடும்? வெக்கத்தச் செருப்போட வெளியில வுட்டுட்டுப் போங்க.”

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கிழவி பயந்துவிட்டாள் என்று பேச்சு வரக் கூடாதே என்றுதான் எழுந்தேன்.

டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயதுதான். திரையை இழுத்துவிட்டு, உட்கார வைத்துப் பார்த்தார். பிறகு படுக்கச் சொல்லி, கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னார். நடு மூன்று விரல். நகத்து நுனியால் இல்லை, விரலின் சதையால். சின்னச் சின்ன வட்டமாக, ஓர் இடம் விடாமல். மேலாக ஒரு தரம், அழுத்தி ஒரு தரம், இன்னும் அழுத்தி ஒரு தரம். பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். பட்டறையில் நானும் அப்படித்தான் மூடுவேன்.

விரல் கட்டியின் மேல் நின்றது.

“இது எத்தன நாளா இருக்குங்கம்மா?”

“அது கெட்டியாத்தான் இருக்கு தாயி. வெங்காயம் அழுகுனா மெத்துன்னு ஆயிடும்ல?”

அவர் சிரிக்கவில்லை. “வெங்காயத்துக்கு அது சரிங்கம்மா. இங்க கெட்டியா, வலிக்காம, நகராம இருக்கறதத்தான் நாங்க சந்தேகப்படுவோம்.”

பிறகு விரல்கள் அக்குளுக்குப் போயின. அங்கே பட்டாணி அளவில் இன்னொன்று. என் கையை எடுத்து அங்கே வைத்தார். தேடித் தேடித்தான் எனக்குக் கிடைத்தது. எழுபது வருஷமாக நான் குளிப்பாட்டிய உடம்பு. எனக்குத் தெரியாததை முன்பின் பார்க்காத மூன்று விரல் கண்டுபிடித்துவிட்டதே!

“புத்துநோயா தாயி?”

“கை சந்தேகத்தத்தான் சொல்லும். என்னன்னு படமும் ஊசியும்தான் சொல்லணும். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க.”

போனேன். ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்த்ததில் அதுதான் என்றார்கள். மார்பையும் அக்குள் கட்டியையும் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கொட்டிய முடி திரும்பவும் முளைத்துவிட்டது.

இந்த வருஷமும் பட்டறைக்குக் கூப்பிட்டார்கள். இடது கையை முழுதாகத் தூக்க வரவில்லை. வலது கை விரல்கள் பழையபடிதான். கல் மாதிரி ஒரு காய் அகப்பட்டால் மட்டும், கூடையில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கிறேன்.